ஒழிந்த நோயும் ஒழியாத பொய்யும்

ஒரு சொல்லினால் ஒரு நோயை ஒழித்துவிடலாம் என்று நம் நாட்டு ஆட்சியாளர் முப்பது ஆண்டுகளாக நம்பி வருகின்றனர். 1995ஆம் ஆண்டிலே இலங்கையில் தொழுநோய் ஒழிக்கப்பட்டுவிட்டது என்ற பெருமை நமக்குக் கிட்டியது. ஆயினும் அதன் பின்பும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 வரையிலான புதிய நோயாளர் இந்நாட்டிற் கண்டுபிடிக்கப்பட்டு வந்துள்ளனர். அவர்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் பதினைந்து வயதை எட்டாத பிள்ளை. பிள்ளைக்கு இந்நோய் வந்திருக்கிறதென்றால், அதன் அருகே, பெரும்பாலும் அதே கூரையின் கீழ், சிகிச்சை பெறாத நோயாளி ஒருவர் அண்மைக் காலத்தில் வாழ்ந்திருக்கிறார் என்பதே பொருள். ஒழிந்துபோன நோய் பிள்ளையை எவ்வாறு தொற்றும்? விடை கூற வேண்டியவர்கள் கூறவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த "ஒழிப்பு" என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கணக்கின்படி, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானோர் சிகிச்சைப் பெயரேட்டில் இருந்தால், தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். நோய் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பெயரேட்டில் ஆட்கள் குறைவு என்பதே பொருள். முன்னர் டாப்சோன் என்ற ஒரே மருந்தை நோயாளி ஆண்டுக்கணக்காக, சிலர் ஆயுள் முழுவதும், உட்கொண்டனர். அதனால் பெயரேடு நிரம்பியிருந்தது. 1981இல் பரிந்துரைக்கப்பட்டு, 1983இல் இலங்கைக்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை அந்தக் காலத்தைச் சுருக்கியது. இன்று கிருமி குறைந்த வகையினருக்கு ஆறு மாதம், கிருமி மிகுந்த வகையினருக்குப் பன்னிரண்டு மாதம். அத்துடன் பெயர் நீக்கப்படும். இது விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர்கள் விரைவாக நீங்கின என்பதற்காகப் புதிய பெயர்கள் வருவது நின்றுவிட்டதென்று எவ்வாறு கொள்வது? இந்தியாவும் 2005ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறே வெற்றி முழக்கியது. 2023இல் உலகெங்கும் கண்டறியப்பட்ட 1,82,000க்கு மேற்பட்ட புதிய நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்நாட்டவரே. கணக்கு வென்றது, கிருமி தன் வேலையைத் தொடர்ந்தது.

இப்பொழுது நம் கரைக்கு வருவோம். பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் இக்கரையோரம், மட்டக்களப்போடு சேர்ந்து, தொழுநோய் இன்னும் ஊன்றி நிற்கும் பகுதிகளுள் ஒன்று. இது தற்செயலன்று. இந்நோய் தொட்டவுடன் பற்றுவதன்று. நெடுங்காலம் நெருங்கி வாழ்வோரிடையே மூச்சுத் துளிகளின் வழியே பரவுவது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இதனை எதிர்க்கும் வலிமை இயல்பாகவே உண்டு. நெருக்கமும், வறுமையும், சத்துக் குறைவும் கூடுமிடத்தில்தான் அது வேர் பிடிக்கிறது.

நம் ஊர்களின் நெருக்கத்தை நாம் அறிவோம். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒரு மணற்பட்டி. நம் வழக்கப்படி மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். நான்கு மகள் பெற்ற மீனவன், தன் பத்துப் பேர்ச் வளவை நான்காகப் பிளக்கிறான். அவன் மகள் அதை மீண்டும் பிளப்பாள். ஒரு வீட்டின் சுவர் மறு வீட்டின் சுவராகிறது; ஓர் அறையில் ஆறு பேர் படுக்கின்றனர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோருள் பலர் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் நெடுநாள் நெருங்கிக் கிடந்தனர். அவர்களுக்கென்று அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு எழுந்த 500 வீடுகளோ, எந்த இனத்தவருக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி, ஆண்டுக்கணக்காகக் காடு மண்டிக் கிடந்தன. வீடு பூட்டிக் கிடக்க, மனிதர் நெருங்கிக் கிடந்தனர். தொழுநோய்க் கிருமிக்கு இதைவிட உகந்த ஏற்பாட்டை யார் செய்து கொடுத்திருக்க முடியும்?

நாம் அறிந்த ஒரு மாணவியின் கதையை இங்கு கூற வேண்டும். சாதாரணதர வகுப்பில் பயின்றாள். அதிகாலையில் தாயோடு அடுப்படியில் இருந்து அப்பம் சுட்டுவிட்டே பாடசாலைக்கு வருவாள். ஒரு நாள் அவளது வலக்கைச் சின்னி விரலில் பெரிய கொப்புளம். "சுட்டது தெரியல்ல, சேர்" என்றாள். சுட்டது தெரியவில்லை! முழங்கையின் மேலே, சட்டைக் கையின் மறைவில், வெளிறிய தேமல் ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருந்ததாம். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினார்கள், போகவில்லை. பரிசாரியார் எண்ணெய் கொடுத்தார்; போகவில்லை. வெளிநோயாளர் பிரிவொன்றில் நீண்ட வரிசையில் நின்று காட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் இன்னொரு களிம்பு எழுதப்பட்டது. மாலை நேரத் தனியார் வைத்தியரிடம் காசு கொடுத்துக் காட்டினார்கள், அங்கும் களிம்புதான். இறுதியில் தோல் நோய் வைத்திய நிபுணர் ஒருவர் அந்தத் தேமலைப் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்தார். தொடுவது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பஞ்சுத் திரி! இரண்டு ஆண்டுகளாக நால்வர் கையில் இல்லாதிருந்த கருவி அதுதான். மருந்து இலவசமாகக் கிடைத்தது, நோய் மாறியது, மடங்கிய விரல் மட்டும் முற்றாக நிமிரவில்லை.

அவளுடைய தாய் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆருக்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க சேர். மூத்தவளுக்கு மாப்பிள்ள பேசியிருக்கம்."

"பார்த்தீர்களா, மக்களின் அறியாமைதான் காரணம், வெட்கத்தினால் மறைக்கிறார்கள்" என்று சொல்லக் கற்றவர் பலர் நம்மிடையே உண்டு. ஏழையின் துன்பத்துக்கு ஏழையின் மூடத்தனத்தையே காரணமாகக் காட்டுவது, படித்த வகுப்பினருக்கு வாய்த்த பழைய சுகம். ஆனால் அந்தத் தாய் எதை மறைத்தாள்? நோய்க்குப் பெயர் வைக்கப்படும் வரை அவள் எதையும் மறைக்கவில்லை. நான்கு வாசல் ஏறினாள். நான்கு முறை காட்டினாள். நான்கு முறை பணமும் பொழுதும் இழந்தாள். அறியாமை வரிசையில் நின்றவளிடம் இருந்ததா, வரிசையின் மறுமுனையில் இருந்ததா? ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட நோயை இளம் வைத்தியர் ஏன் நினைவில் வைத்திருக்கப் போகிறார்? தேமலைக் கண்டதும் அவர் மனத்தில் எழ வேண்டிய முதல் ஐயத்தையே அந்த அறிவிப்பு துடைத்துவிட்டது.

வெட்கத்தையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லத்தை நிறுவினர். பிரித்தானியர் 1901இல் சட்டமியற்றி, நோயாளரைப் பிரித்து அடைக்கும் அதிகாரத்தைக் கையில் எடுத்தனர். கிழக்கின் நோயாளருக்கு மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு ஒதுக்கப்பட்டது. வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுத் தண்ணீரால் சூழப்பட்ட நிலத்தில் விடப்பட்டவனைக் கண்ட ஊர், அந்நோயைப் பற்றி என்ன கற்றுக்கொண்டிருக்கும்? ஹேன்சன் என்ற நோர்வே நாட்டவர் இதன் கிருமியை 1873இலேயே கண்டறிந்துவிட்டார். சாபமுமன்று, பாவத்தின் கூலியுமன்று என்பது அன்றே தெளிவாயிற்று. ஆயினும் அரசு அடைத்து வைத்தது; சமூகம் அஞ்சக் கற்றது. இன்று அதே அரசின் அலுவலர் "மக்கள் ஏன் அஞ்சுகிறார்கள்?" என்று வியக்கின்றனர். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றைக் கொடுப்பவராக இருப்பதில்லை என்ற ஒரே உண்மையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசென்றிருந்தால், மாந்தீவின் நிழல் நம் கலியாணப் பேச்சுகளில் இன்றும் விழுமா?

2001ஆம் ஆண்டில் தொழுநோய்ச் சேவை பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கப்பட்டது. கொள்கையளவில் நாம் இதனை வரவேற்கிறோம். நோய்க்கொரு தனி இலாகா, தனி வாகனம், தனிப் பெயர்ப்பலகை என்பது நோயாளியை மீண்டும் தனிமைப்படுத்தும். ஆனால் ஒரு சுமையைப் பொதுத் தோளுக்கு மாற்றுகிறவன், அந்தத் தோளில் வலுவுண்டா என்று பார்க்க வேண்டாமா? நம் ஊரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எண்ணிப் பாருங்கள். உணவுக் கடைகளைப் பார்ப்பவர் அவர்; பாடசாலைப் பிள்ளைகளைப் பார்ப்பவர் அவர்; தொற்று நோய் அறிவிக்கப்பட்ட வீடுகளுக்குச் செல்பவரும் அவரே. வடகீழ்ப் பருவமழை பெய்து டெங்கு தலைதூக்கினால், மற்ற யாவும் நிற்கும். 2017இல் நாடெங்கும் 1,86,000 பேர் டெங்கினால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. டெங்கு பத்து நாளிற் கொல்லும். ஆகவே அதற்கு அவசரம் உண்டு. தொழுநோய் வெளிப்படவே சராசரி ஐந்து ஆண்டுகள், சிலரிடம் இருபது ஆண்டுகள் செல்லும். ஆகவே அதற்கு அவசரம் இல்லை. அவசரமில்லாத நோய்க்கு ஆளுமில்லை என்றாகிவிடுகிறது. புறக்கணிக்கப்பட்ட நோய்கள் என்று உலகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தொழுநோயும் டெங்கும் இரண்டுமே அதில் உண்டு. புறக்கணிக்கப்பட்டவற்றுக்குள்ளும் ஒன்று மற்றொன்றின் ஆளைப் பறிக்கும் அளவுக்கு நமது ஏற்பாடு மெலிந்திருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது புதிய தொழுநோயாளரின் எண்ணிக்கை இங்கும் உலகெங்கும் சட்டென்று குறைந்தது. குறைந்தது தேடுதல். 2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்து தட்டுப்பட்டது. நூற்றுக்கணக்கான வைத்தியர் கடல் கடந்தனர். இவற்றின் விலையை இன்னும் பத்தாண்டு கழித்தே விரல்களில் காண்போம்.

வெற்றி அறிவிப்பு என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை கற்றிருக்க வேண்டும். 1934–35இல் மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அப்பொழுது சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் மருந்தோடு உணவையும் சுமந்து கிராமங்களுக்குட் சென்றனர். பசித்த உடலில் கொய்னா மட்டும் வேலை செய்யாது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் நோயாளியின் வாசலில் நின்றே தன் அரசியலைக் கற்றது. பின்னர் வீடு வீடாக மருந்தடித்து, இரத்தம் சோதித்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் என்ற நிலைக்கு மலேரியாவைக் கொண்டுவந்தோம். வென்றுவிட்டோம் என்று கைதளர்ந்தோம். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. அதன்பின் அரை நூற்றாண்டு உழைத்தே 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றோம். அதே ஆண்டில் யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற உறுதி கிடைத்தது. இவ்வெற்றிகளை நாம் குறைத்துப் பேசவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாள் முதல், சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் கால்நடையாகவும் சைக்கிளிலும் சென்று கட்டிய வெற்றிகள் அவை. இலவச மருத்துவமும் ஊருக்கோர் ஊழியரும் இருந்தால் ஏழை நாடும் நோயை வெல்லும் என்பதற்கு நாமே சாட்சி. அந்தச் சாட்சியம் தொழுநோயின் முன் மட்டும் ஏன் ஊமையாக வேண்டும்?

இதற்கு நம் பிரதேச அரசியலிடமும் விடை கேட்க வேண்டும். கல்முனையில் நடந்து செல்லும் தொலைவில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன; ஒன்று முஸ்லிம்களுடையது, மற்றது தமிழருடையது என்றே ஊர் அவற்றைப் பேசுகிறது. வடக்குப் பிரதேச செயலகம் வேண்டும் என்றொரு போராட்டம். வேண்டாம் என்றொரு போராட்டம். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று இன்னொரு போராட்டம். இவற்றின் நியாயங்களை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. உண்ணாவிரதமும் கடையடைப்பும் கண்ட இவ்வூர்கள், தோல் சிகிச்சை நிலையத்துக்கு இன்னொரு நாள் கூட்டித் தாருங்கள் என்று ஒரு நாளாவது கடையடைத்தனவா? மாடிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினால் கல்லிலே பெயர் வெட்டலாம். பரிசோதகர் ஒருவர் நோயாளியின் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தார் அனைவரின் தோலையும் பார்த்துவிட்டு வந்தால் எந்தக் கல்லில் யார் பெயரை வெட்டுவது? அதனாலேயே அது நடைபெறுவதில்லை. கிருமியோ எல்லைப் பிரச்சினையில் தலையிடுவதில்லை. அது பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் ஒரே முறையில் நரம்பைத் தின்கிறது.

இன்னொரு சாரார் வெளிநாட்டு உதவியையும் ஒருநாள் முகாமையும் நம்பியிருக்கின்றனர். ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் தினம், அன்று பதாகை, ஊர்வலம், புகைப்படம், மறுநாள் அமைதி. கூட்டு மருந்து 1995 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மூலம் இலவசமாகவே வருகிறது. நன்று. ஆனால் இலவச மருந்து நோயாளியைத் தேடி நடந்து வராது. அதற்குச் சம்பளம் பெறும் ஒரு மனிதன் வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, பல ஏழை நாடுகளின் புறக்கணிக்கப்பட்ட நோய்த் திட்டங்கள் ஒரே வாரத்தில் முடங்கின. பிறர் கொடையில் நிற்கும் சுகாதாரம் பிறர் கோபத்தில் விழும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே நாம் கோருவது என்ன? வானத்தை அல்ல. ஒவ்வொரு புதிய நோயாளியின் வீட்டாரும் அயலாரும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தவருக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் நோய் வரும் வாய்ப்புக் குறைகிறது என்பதை ஏற்று, 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதனைப் பரிந்துரைத்தது; அந்த ஒரு வேளை மருந்து தவறாமல் சேர வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் உட்காரும் ஒவ்வொரு வைத்தியரின் மேசையிலும், மருந்துக்கடைக்காரரின் மனத்திலும், "உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாகலாம்" என்ற வாசகம் இருக்க வேண்டும். பரிசோதகரின் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும்; டெங்குக் காலத்துக்குத் தனியாக ஆட்கள் அமர்த்தப்பட வேண்டும். பொத்துவிலிலிருந்து தோல் சிகிச்சைக்கு வரும் கூலித் தொழிலாளி ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்காதிருக்க, சிகிச்சை அவனது ஊருக்குச் செல்ல வேண்டும். மருந்து முடிந்த பின்பும் மரத்த காலுக்குச் செருப்பும், மடங்கிய விரலுக்குப் பயிற்சியும் தொடர வேண்டும். ஒவ்வொரு சுகாதாரப் பிரிவிலும் எத்தனை பேர், எவ்வளவு தாமதமாக, எத்தனை பேர் ஊனத்தோடு கண்டுபிடிக்கப்பட்டனர் என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பெயரை மறையுங்கள், எண்ணை மறைக்காதீர்கள். தாமதத்தின் எண்ணிக்கையே ஒரு சுகாதார ஏற்பாட்டின் உண்மையான மதிப்பெண்.

ஆசிரியராகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டுமென்பது விதி. உயரமும் நிறையும் எழுதியதோடு அது முடிந்துவிடுகிறதா, பிள்ளையின் தோலும் பார்க்கப்படுகிறதா என்று கேட்பது நம் கடமை. பேனை பிடிக்கும் விரல் தளர்வதை, கொப்புளம் வலிக்காததை, வெயிலிலும் சட்டைக் கையை இறக்கியே விடுவதைப் பெற்றோருக்கு முன்பே காணக்கூடியவர் நாம். கவிதையில் வரும் கைவிரலுக்கு உவமை சொல்லிக் கொடுக்கிற நாம், முன்வரிசையில் இருக்கும் கையைப் பார்க்காவிட்டால் கற்ற தமிழினால் ஆய பயன் யாது? பள்ளிவாசற் குத்பாவிலும் கோயில் வாசலிலும் இந்நோயின் பெயர் வெளிப்படையாக உச்சரிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கமும் மாணவர் சங்கமும் சம்பளத்தையும் விரிவுரையையும் போலவே இதனையும் தம் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும்.

அந்த மாணவி இன்று நலமாக இருக்கிறாள். மூத்தவளின் கலியாணமும் நடந்தது. தாய் கேட்டுக்கொண்டவாறு நாம் யாரிடமும் சொல்லவில்லை. இங்கும் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அந்த வாக்கைக் காத்தது நமக்கு மகிழ்ச்சி தரவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பற்றி எந்தத் தாயும் இவ்வாறு கெஞ்சுவதில்லை. தொழுநோய் வந்த பிள்ளையைப் பற்றியும் கெஞ்ச வேண்டாத நாள் வரும்வரை, ஒழிந்தது என்ற சொல்லை ஆட்சியாளர் பெட்டியில் வைத்துப் பூட்டட்டும். நாம் தேடுவதை நிறுத்தப் போவதில்லை.